குதிரைக்கும் ஒரு களம் வேண்டும்
(வானொலியில் விவசாயிகளுக்கான நிகழ்ச்சியில் பேசிய உரை)



ஆடி மாதம் பிறந்தால் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவும், அதை ஒட்டிக் கூடுகிற மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் நம் கண் முன்னால் வந்து நிற்கும். காது நுனி உள்பக்கம் வளைந்த கத்தியவாரி, மார்வாரிக் குதிரைகளைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? குதிரையை எங்கே வாங்கலாம், என்ன விலை கேட்கலாம் என்று நாம் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். வாங்கி வந்த குதிரையை எந்தத் தரையில் பழக்கப் போகிறோம் என்று மட்டும் யோசிப்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் குதிரை வாங்கியபோது, மணல் கொட்டினால் குதிரைக்குச் சுகமாக இருக்கும் என்று நினைத்து, தோட்டத்து மூலையில் அரை அடி உயரத்துக்கு மணலை நிரப்பி ஓட்டினேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "ஏனப்பா, நீயே அந்த மணல்லே நடந்து பாரு, கெண்டைக்கால் வலிக்குதா இல்லையான்னு" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாதத்தில் முன்னங்காலில் நரம்பு வீங்கிக் குதிரை நொண்ட ஆரம்பித்தது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, மாதக்கணக்கில் ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த ஆடிச் சந்தையில் விற்று, கிணற்றுக்கு வாங்கிய கடனை அடைக்கலாம் என்றிருந்தேன். நொண்டிக் குதிரையை யார் வாங்குவார்கள்? கொட்டிய மணலும் போச்சு, விற்கிற பருவமும் போச்சு.

அது ஏன் அப்படி ஆகிறது? நிற்கும்போதே குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களின் மேல்தான் இருக்கிறது. ஆழமான மணலில் குளம்பு புதைந்து புதைந்து எழும்போது, காலின் பின்பக்கத்துத் தசைநார் அளவுக்கு மீறி இழுபடுகிறது. அதற்காகக் கட்டாந்தரையில் ஓட்டினாலும் ஆகாது. அதிர்ச்சி குளம்புக்கும் மூட்டுக்கும் போகும். நெல் அடிக்கிற களம் மேலும் கீழும் இறுகியிருக்க வேண்டும். குதிரைக் களமோ அடியில் இறுக்கமாகவும் மேலே இளக்கமாகவும் இருக்கணும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எவ்வளவு இடம் வேண்டும்? போட்டிக்குப் பழக்குகிறவர்கள் 20 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம் என்று அமைப்பார்கள். அது சுமார் 20 சென்ட். நமக்கு அவ்வளவு தேவையில்லை. 60 அடி குறுக்களவுள்ள ஒரு வட்டக் களம் போதும். இது ஆறரை சென்ட்தான் பிடிக்கும். நடுவில் ஒரு முளை அடித்து, 30 அடிக் கயிறு கட்டிச் சுற்றி வந்தால் வட்டம் கிடைத்துவிடும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் காசு மிச்சமாகும். தண்ணீர் தேங்காத மேட்டு நிலமாகப் பாருங்கள். சரளை கலந்த செம்மண் பூமி என்றால் பாதிச் செலவு குறையும். கரிசல் மண் மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கும். அதைத் தவிர்ப்பது நல்லது. விளைகிற நிலத்தை இதற்காகக் கெடுக்காதீர்கள். எதற்கும் உதவாமல் கிடக்கிற மேட்டாங்காடு போதும்.

இனி வேலையைப் பார்ப்போம். மேல்மண்ணை நாலு அங்குலம், கெட்டித் தரை வருகிறவரை வழித்தெடுங்கள். அந்த மண் சத்துள்ள மண். தென்னைக்கோ காய்கறிப் பாத்திக்கோ போடுங்கள். பிறகு தரை ஒரு பக்கமாக லேசாகச் சரிய வேண்டும். 100 அடிக்கு ஓர் அடி வாட்டம், அதாவது நம் 60 அடிக்கு ஏழு அங்குலம். கொத்தனார் வைத்திருக்கிற தண்ணீர்க் குழாய் மட்டத்தை வைத்தே இதைப் பார்த்துக்கொள்ளலாம். மேட்டிலிருந்து வருகிற மழைத் தண்ணீர் களத்துக்குள் நுழையாதபடி சுற்றிலும் ஒரு வாய்க்கால் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது அடித்தளம். கிராவல் மண்ணை இரண்டு தடவையாகப் பரப்பி, ஒவ்வொரு தடவையும் தண்ணீர் தெளித்து, உருளை போட்டு அழுத்துங்கள். உருளை கிடைக்காவிட்டால் டிராக்டரைத் தடம் தடமாக முன்னும் பின்னும் ஓட்டலாம். ஓரங்களுக்குத் திமிசு போடலாம். இறுகிய பிறகு நாலு அங்குலம் நிற்க வேண்டும். அதற்கு 11 அல்லது 12 யூனிட் கிராவல் பிடிக்கும். உங்கள் தரையே கெட்டிச் சரளையாக இருந்தால் இந்தச் செலவே வேண்டாம், அழுத்தினால் போதும். ஏரியிலும் புறம்போக்கிலும் அனுமதியில்லாமல் மண் எடுக்கக் கூடாது என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். அடித்தளம் போட்ட கையோடு மணலைக் கொட்டாதீர்கள். ஒரு நல்ல மழையைப் பார்த்துவிடுங்கள். மழை இல்லையா, மோட்டார்த் தண்ணீரை விட்டுப் பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறதோ, அந்தப் பள்ளத்தை நிரப்பி மறுபடி அழுத்துங்கள். மணல் போட்ட பிறகு பள்ளம் தெரியாது, குதிரையின் கால்தான் கண்டுபிடிக்கும்.

மேலே போடுகிற மணல் இரண்டு அங்குலம் போதும். நம் வட்டத்துக்கு ஐந்து யூனிட்டுக்குள் அடங்கிவிடும். குறைவாகத் தெரிந்தால் பிறகு அரை அங்குலம் சேர்த்துக்கொள்ளலாம். அதிகமாகிவிட்டால் அள்ளுவதுதான் கஷ்டம். மணலின் மணி உருண்டையாக இருந்தால் குளம்புக்கடியில் உருளும். மூலை முனை உள்ள மணிதான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஆகையால் கழுவிய எம்-சாண்ட் இதற்கு ஏற்றது. பூச்சு வேலைக்கு வருகிற பொடி மணல் வேண்டாம்; அது புழுதியாகப் பறக்கும். சல்லடை போட்டுக் கல்லைப் பொறுக்கிவிடுங்கள்.

வேலிக்கு வருவோம். சவுக்குக் கம்போ கெட்டி மூங்கிலோ போதும். எட்டு அடிக்கு ஒன்றாக 24 கம்பு. 7 அடிக் கம்பில் 2 அடி மண்ணுக்குள், 5 அடி வெளியே. கரையான் அரிக்காமல் இருக்க அடிப்பாகத்துக்குத் தார் பூசுங்கள். குறுக்குக் கம்பு மூன்று வரிசை. அதைக் கால்கம்புக்கு உள்பக்கமாகக் கட்டுங்கள். அப்போதுதான் சவாரி செய்கிறவர் முழங்கால் கம்பில் இடிக்காது. கதவின் தாழ்ப்பாளும் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: முள்கம்பி வேண்டவே வேண்டாம். மிரண்ட குதிரை கம்பியைப் பார்க்காது. சதை கிழிந்துவிடும். நீட்டிக்கொண்டிருக்கிற ஆணியும் அப்படித்தான். ரணஜன்னி நோய் குதிரையை எளிதில் தாக்கும். அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. குதிரைக்குத் தடுப்பூசி போட்டு வையுங்கள். வீட்டில் குதிரையோடு பழகுகிறவர்களும் தங்கள் தடுப்பூசியை மறக்க வேண்டாம்.

களம் அமைத்துவிட்டால் வேலை முடிந்ததா என்றால், இல்லை. குதிரை ஓரமாகவே சுற்றும். அங்கே பள்ளம் விழும். வயலில் பரம்பு அடிக்கிறோமே, அந்தப் பலகையையே வாரம் இரண்டு தடவை இழுத்துச் சமன் பண்ணுங்கள். ஓட்டுவதற்கு முன்னால் தண்ணீர் தெளியுங்கள். ஒரு கைப்பிடி மணலை எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அதுதான் பக்குவம். குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கால் மட்டும்தான் விடும். பறக்கிற புழுதி அத்தனையும் அதன் நெஞ்சுக்குள் போகும். உங்கள் நெஞ்சுக்கும் அது ஆகாது.

சாணத்தை அன்றன்றைக்கே அள்ளிவிடுங்கள். எருக்குழிக்கு அருமையான சரக்கு. தீவனத்தை மணல் மேல் போடாதீர்கள். தீவனத்தோடு மணலும் வயிற்றில் சேர்ந்து கடும் வயிற்றுவலி வரும்.

ஓட்டுவதிலும் அளவு வேண்டும். வட்டத்தில் சுற்றுவது மூட்டுக்குப் பாரம். 15, 20 நிமிடம் போதும். பாதி நேரம் இடப்பக்கம், பாதி நேரம் வலப்பக்கம் என்று மாற்றி விடுங்கள். மூன்று வயது ஆகாத குட்டியின் மேல் ஆளை ஏற்றாதீர்கள், எலும்பு முற்றவில்லை. ஓட்டி முடித்த பிறகு இரண்டு சுற்று மெதுவாக நடத்தி, நாலு காலையும் கையால் தடவிப் பாருங்கள். சூடோ வீக்கமோ தெரிந்தால் மறுநாள் ஓய்வு கொடுத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நான் இரண்டாவது தடவை போட்ட களம் இந்த மாதிரிதான். முதலில் கொட்டிய மணலில் பாதியைக்கூட இதற்குச் செலவழிக்கவில்லை. நொண்டிய குதிரையை நான் விற்கவில்லை. கால் குணமாக எட்டு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்தக் களத்தில்தான் அது நடை பழகியது. இப்போது என் பேரன் அதன் மேல் உட்கார்ந்து சுற்றுகிறான். அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலியோரம் நின்று பார்க்கிறார். அவர் சொன்ன ஒரு வார்த்தையை அன்றைக்கே கேட்டிருக்கலாம் என்று எனக்கு இன்னும் தோன்றும்.

ஆகவே, குதிரை வாங்கப் போகிறவர்கள் களத்தை முதலில் போடுங்கள், பிறகு சந்தைக்குப் புறப்படுங்கள். போட்ட களத்தில் முதலில் நீங்களே வெறுங்காலோடு பத்துச் சுற்று ஓடிப் பாருங்கள். உங்கள் கால் ஒத்துக்கொண்டால்தான் குதிரையை உள்ளே விட வேண்டும்.