செவிலியர் அறம்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



செவிலியர் அறம் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். நங்குலத்து மக்கள் பலர் இன்று அத்தொழிலிற் புகுந்துள்ளனர். ஆதலின் இப்பொருள் அவர்க்கு மட்டுமன்றி, அவர்தம் உறவினராகிய நம்மனைவர்க்கும் உரியதாகும்.

நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என மருத்துவத்திற்கு அங்கங்கள் நான்கு என்பர் திருவள்ளுவர். துணைசெய்வோனையும் மருத்துவனோடு ஒருங்கே வைத்தெண்ணியமை நோக்கத்தக்கது. நோயாளிமாட்டு அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவற்றைச் செய்யும் வன்மை, அறிவு என்னும் நான்கும் அவனுக்கு வேண்டுமென்பர் பரிமேலழகர். ஏவியது செய்தல் மட்டும் போதுமாயின் அறிவை அங்கே வேண்டியதென்னை?

ஓர் உதாரணங் கூறுவோம். பொட்டாசியம் குளோரைடு என்னும் மருந்தை நீர்க்கக் கலந்து மெல்ல ஏற்றினால் உயிர் காக்கும். கலவாமல் நரம்பில் விரைந்து செலுத்தினாலோ இருதயத்தை நிறுத்திவிடும். மருத்துவர் எழுதிய சீட்டில் பிழையிருப்பின், ஊசியைக் கையிலேந்திய செவிலி, “ஐயா, இதனை மீண்டும் ஒருமுறை பாருங்கள்” என்று சொல்லியே தீரவேண்டும். அவ்விடத்து வாய்வாளாமை பணிவன்று, பாவமேயாம்.

இவ்வுண்மை உலகிற்கு மெல்லவே விளங்கிற்று. 1899-ஆம் ஆண்டில் தோன்றிய சர்வதேசச் செவிலியர் மன்றம் 1953-இல் ஒழுக்க நெறிகளை வகுத்தது. மருத்துவரின் கட்டளையை அறிவோடும் விசுவாசத்தோடும் நிறைவேற்றுதல் கடமையென்பது அவற்றுள் ஒன்று. 1973-இல் அந்நெறிகளைத் திருத்தியபொழுது, செவிலியரின் முதற்பொறுப்பு அவர்தம் பணியை வேண்டி நிற்கும் மக்களுக்கே உரியதென்று வரையறுத்தனர். இனம், நிறம், சமயம், சமூக அந்தஸ்து முதலிய வேற்றுமைகள் அப்பணியைத் தடுத்தலாகாதெனவும் விதித்தனர்.

இந்நெறி சாதிச் சங்கத்தாராகிய நம்மை நோக்கி ஒரு வினா எழுப்புகின்றது. மருத்துவசாலையின் வாயிற்படியிலே நமது உறவுரிமை நின்றுவிடவேண்டுமா, உள்ளேயும் செல்லலாமா? நின்றேதீரவேண்டும் என்பதே எமது துணிபு.

“நம் பெண் அந்த வார்டில் இருக்கிறாள், முன்னதாகப் பார்க்கச் சொல்வாள்” என்று நம்மிற் பலர் செல்கின்றோம். நாம் முந்தினால், மூச்சுத் திணறி நிற்கும் வேறொருவர் பிந்துவர். யாருடைய நோய் கடியதோ அவரே முதல்வர். நம்மவள் அவ்வாறு நம்மைக் காத்திருக்கச் செய்வாளாயின், செருக்கென்று குறைகூறாது அவளை மெச்சவேண்டும்.

இதனினும் கொடியது மறை வெளிப்படுத்தக் கேட்டலாகும். சம்பந்தம் பேசும்பொழுது, “அந்தப் பையன் உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தானாமே, என்ன வியாதி?” என்று அத்தையும் சித்தியும் செவிலியை வினவுகின்றனர். வாழ்நாள் முழுதும் தொடரும் பந்தமாயிற்றே, விசாரித்தல் தவறோ என்பீர்கள். விசாரித்தல் தவறன்று. ஆயின் விடைகூறும் கடமை அப்பிள்ளைக்கும் அவன் வீட்டார்க்குமே உரியது. மறையாது கூறுமாறு செவிலி அவனுக்கு அறிவுரை சொல்லலாம். நமக்கு அவள் சொல்லலாகாது. காசநோயுற்றவன் ஒருவன் தன் செய்தி ஊரார் வாயிற் புகுமென்று அஞ்சினால், மருத்துவசாலையை அணுகவே நாணுவான். ஆறு மாதம் முறையாக மருந்துண்டு நீங்கத்தக்க நோயை வீட்டார்க்கும் பரப்பி, தானும் மாள்வான். ஒரு நாவின் தளர்ச்சியால் விளையுங் கேடு இத்தகையது.

இறுதியாக ஒன்று கூறி அமைகின்றோம். அயலாரைத் தொடுகின்றாள், இரவில் வேலைக்குச் செல்கின்றாள் என்று சொல்லிச் செவிலியைப் பெண்கொள்ளத் தயங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. நம் பாட்டனார் படுக்கையில் கிடந்தபோது அவரைப் புரட்டி, துடைத்து, புண் வாராமற் காத்த கை எக்குலத்தின் கையென்று நாம் கேட்டோமா? நம் நோய்க்கு அக்கை தூயதாயின், நம் வீட்டு விளக்கேற்றவும் அது தூயதே.

ஆகவே அன்பர்களே! செவிலியரிடம் சலுகை வேண்டோம், பிறர் மறையைக் கேளோம், அவரை இழித்துப் பேசோம் என்னும் மூன்றையும் இச்சபையில் உறுதிகொள்வோமாக. அவரவர் இல்லத்தில் இதனை நடத்திக் காட்டுவோமாயின், அதுவே இவ்விழாவின் பயனாம்.