கணினிக் கணக்கும் கிராம சபையும்

(திருவள்ளூர் மாவட்டத்து ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் இம்மாவட்டத்தில், ஏர் பிடிக்கும் தந்தையும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இயந்திரம் ஓட்டும் மகனும் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். அப்பிள்ளைகளுள் சிலர், வேலை முடிந்து வந்த பின் கணினி மொழி பயில்கின்றனர். தொடக்கத்தில் பயிலுவதற்கு ஏற்ற மொழிகளுள் ஒன்று பைத்தான். நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் என்பார் 1991-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். எவரும் விலையின்றி அதனைப் பெறலாம்.

அத்தகைய பிள்ளை ஒருவன், "ஊராட்சிக் கணக்கை நான் கணினியில் போட்டுத் தருகிறேன்" என்று முன்வந்தால் நாம் அவனை ஊக்குவிக்க வேண்டும். ஆயினும், புதிதாகப் பயில்வோர்க்கு நேரும் தவறுகளை அவனோடு நாமும் அறிந்திருத்தல் நலம்.

தவறுகள் இருவகைப்படும். முதல் வகையில் கணினியே நின்றுவிடும். ஆங்கிலத்தில் பிழைச் செய்தி காட்டும். அதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. செய்தியின் கடைசி வரி பிழை இன்னதென்று கூறும். அதற்கு மேலுள்ள வரிகள் அது நிரலில் எந்த இடத்தில் நேர்ந்ததென்று காட்டும். பெரும்பாலும் ஒரு பெயரைத் தவறாக எழுதியதோ, அடைப்புக்குறியை மூடாததோ காரணமாக இருக்கும்.

இரண்டாம் வகையே தீங்கானது. கணினி ஒன்றும் சொல்லாமல் தவறான விடையைத் தந்துவிடும்.

ஓர் உதாரணம் கூறுவேன். மூன்று வீடுகளின் குடிநீர்க் கட்டண பாக்கி முறையே 90 ரூபாய், 450 ரூபாய், 1000 ரூபாய் எனக் கொள்வோம். விசைப்பலகையில் தட்டுவதைப் பைத்தான் எண்ணாகக் கொள்வதில்லை, எழுத்தாகவே கொள்கிறது. ஆதலின் முதல் இரண்டையும் கூட்டச் சொன்னால் 540 என்னாமல், இரண்டையும் ஒட்டி 90450 என்று காட்டும். பெரிய பாக்கியை முதலில் வைக்கச் சொன்னாலோ, அகராதியில் சொற்களை ஒப்பிடுவது போல முதல் எழுத்தைப் பார்த்து, 90 ரூபாய்க்காரரைத் தலையிலும் 1000 ரூபாய்க்காரரைக் கடைசியிலும் வைக்கும். அப்பட்டியலைக் கிராம சபையில் படித்தால், ஏழைக் குடும்பம் ஒன்று ஊரார் முன் தலைகுனிய நேரும் அல்லவா? இதற்குப் பரிகாரம் எளிது. தட்டியதை 'இன்ட்' என்னும் கட்டளையால் முதலில் எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வரிகளின் தொடக்க இடைவெளி. வயலுக்கு வரப்பு எப்படியோ, பைத்தானுக்கு இடைவெளி அப்படி. ஒவ்வொரு வீட்டுக்கும் செய்ய வேண்டிய வேலைகள் யாவும் ஒரே அளவு உள்தள்ளி நிற்க வேண்டும். கூட்டும் வரி மட்டும் வெளியே நின்றுவிட்டால், அது கடைசியில் ஒரே முறைதான் நடைபெறும். மொத்தம் 1540 வரவேண்டிய இடத்தில் கடைசி வீட்டின் 1000 மட்டுமே வரும்.

மூன்றாவது, எண்ணிக்கையின் எல்லை. 1 முதல் 30 வரை என்று 'ரேஞ்ச்' கட்டளையில் எழுதினால் பைத்தான் 29-உடன் நின்றுவிடும்; முப்பதாவது வீடு விடுபட்டுப் போகும். எல்லையை 31 என எழுத வேண்டும்.

நான்காவது நம் மொழியைப் பற்றியது. 'தமிழ்' என்னும் சொல்லை நாம் மூன்று எழுத்தென்போம். பைத்தானோ ஐந்தென எண்ணும். மேல்விலங்கும் புள்ளியும் அதற்குத் தனித்தனிக் குறிகள். 'கோ' போன்ற எழுத்தை இருவிதமாகப் பதிய இயலுமாதலின், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்களை அது வேறு வேறு ஆட்களாகக் கொள்ளக்கூடும். 'நார்மலைஸ்' என்னும் கட்டளையால் பெயர்களை ஒரே வடிவுக்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிட வேண்டும். அதனினும் பாதுகாப்பானது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் கொடுத்து அதனையே நம்புவது.

இனி உறுப்பினர்களாகிய உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் அதனைச் சோதிக்க உங்களால் இயலும். விடை முன்னரே தெரிந்த மூன்று வீடுகளின் கணக்கைக் கையால் போட்டு, கணினியின் விடையோடு ஒப்பிடுங்கள். முதல் வீடும் கடைசி வீடும் பட்டியலில் உள்ளனவா எனப் பாருங்கள். ஒத்துவரும் வரையில் பழைய பதிவேட்டைக் கைவிடாதீர்கள். தவறு கண்டால் அப்பிள்ளையை ஏளனம் செய்யாமல், "தம்பி, இந்த வரியை மீண்டும் பார்" என்று கூறுங்கள்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையின் முன் கணக்கு வைப்பது நமது கடமை. அது கணினி தந்த கணக்கென்று சொல்லி நாம் பொறுப்பிலிருந்து விலக முடியாது. சோதித்து ஒப்புக்கொண்ட கணக்கையே ஊராரிடம் வைப்போமாக.