எழுத்தின் உடை மாறலாம், உடல் மாறலாகாது
(ஆலங்குளத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆலங்குளத்தைச் சூழ்ந்த இவ்வட்டாரம் தீக்குச்சியாலும் வெடியாலும் அச்சாலும் வாழ்வது. இங்குச் செய்யப்படும் வெடிப்பெட்டி ஒவ்வொன்றும் முகப்புத்தாள் ஒன்றைப் போர்த்துக்கொண்டே ஊர் விட்டு ஊர் செல்கின்றது. அம்முகப்பிற்கும் நாட்காட்டிக்கும் இன்று கணிப்பொறி பலவகை எழுத்துருக்களை வழங்குகின்றது. அவற்றுள் ஒன்று, நேர்கோடும் வட்டமும் கட்டமுமே உறுப்பாக, எங்கும் ஒரே பருமனில், விண்கலத்தின்மேல் பொறித்தாற்போல் நிற்பது. அதனை வடிவியல் எழுத்து என்க.

மேலைநாட்டில் இதற்குப் பெயர்பெற்ற முன்னோடி, செருமானியராகிய பால் இரென்னர் வரைந்து 1927-இல் வெளிவந்த 'பியூச்சுரா'. வருங்காலம் என்பதே அப்பெயரின் பொருள். 1969-இல் அப்பல்லோ 11 கலத்தோர் நிலவில் விட்டுவந்த தகட்டிலும் அவ்வெழுத்தே இடம்பெற்றது.

இது கண்டு, "வடிவியல் எழுத்து இலத்தீனுக்கே உரியது, தமிழுக்கு ஒவ்வாது" என்பார் உளர். அன்னோர் மதுரையை அடுத்த மாங்குளத்துக் குன்றேறிக் காண்க! ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர்ப் பாறையில் வெட்டிய தமிழியில் ககரம் ஒரு கூட்டற்குறி. ரகரம் ஒரு நிமிர்ந்த கோடு. பகரம் மேற்புறம் திறந்த வளைவு. உளி வெட்டிய கோடும் வளைவுமே அன்றைத் தமிழெழுத்து. எனவே, வடிவியல் தமிழுக்கு அயலன்று.

அயலாவது எது? இலத்தீன் எழுத்தின் உறுப்புகளை வெட்டி ஒட்டித் தமிழென்று காட்டுவதே அயல். அவ்வாறு ஒட்டுங்கால், ரகரத்தின் அடிச்சாய்வு நீங்கித் துணைக்காலாகி விடுகின்றது. ழகரத்தின் கீழ்ச்சுழி தேய்ந்து மகரமோ என மயக்குகின்றது. அழகு கருதிப் புள்ளியை நீக்கினாலோ 'கல்' என்பது 'கல' ஆகின்றது. எழுத்துக் கெடின் சொல் கெடும். சொல் கெடின் பொருள் கெடும்.

நன்முறைக்குச் சான்றும் உண்டு. பிரியா இரவிச்சந்திரன் வரைந்த 'கேட்டமரான்' எழுத்துரு தமிழையும் இலத்தீனையும் இணையாகக் கொண்டது. ஒன்பது பருமன்களில் அமைந்தது. அதன் தமிழ்க் கோடுகள் ஒரே பருமனாய் ஓடியும், தமிழின் சுழியும் வளைவும் குன்றவில்லை. அதன் பெயரும் தமிழ்க் கட்டுமரத்தின் திரிபே!

வடிவியல் எழுத்திற்கு உரிய இடம் தலைப்பு, பெயர்ப்பலகை, பெட்டியின் முகப்பு. அங்குச் சொல் சில; எழுத்துப் பெரிது. நெடிய உரைக்கு அது பொருந்தாது. எழுத்துகள் ஒன்றையொன்று ஒத்துவிடுவதால் கண் தடுமாறும். வெடிப்பெட்டியின் எச்சரிக்கைக்கோ அறவே ஆகாது. "குழந்தைகள் தனித்து வெடிக்கலாகாது" என்னும் வரியைப் படிக்கவொண்ணாப் புதுமையில் மறைப்பது அழகன்று, தீங்கு. அவ்வரி எளிய எழுத்தில், தெளிந்த தமிழில், கண்ணுக்கு எட்டும் அளவில் நிற்றல் வேண்டும்.

அச்சகத்தார்க்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. புதுவடிவில் அமைத்த பெயரை அச்சேற்றுமுன், எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற சிறுவன் ஒருவனிடம் காட்டுக. தட்டின்றிப் படித்தானாயின் அச்சிடுக. தயங்கினானாயின், பிழை அவன் மேலதன்று; வரைந்த கையின் மேலது. மீண்டும் வரைக!

புத்துடை உடுத்தட்டும் தமிழெழுத்து; அதன் உடல் மட்டும் தமிழாகவே நிலைக்கட்டும்!