டாங்க் விடும் மூச்சு



புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றாண்டார்கோவிலில், குன்றைக் குடைந்தமைத்த கோயிலின் முன்னே தேர் வடிவில் ஒரு மண்டபம் நிற்கிறது. கல்லிலே சக்கரம், கல்லிலே குதிரை. அந்தத் தேருக்குத் தீனியும் வேண்டியதில்லை, பெட்ரோலும் வேண்டியதில்லை. நம் ஊர்ச் சாலைகளில் இன்னும் ஓடும் பழைய அம்பாசிடர் கார்களின் நிலை அப்படியன்று. உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அவ்வண்டிகளுள் சில, பெட்ரோல் பங்கில் மெல்ல மெல்லத்தான் குடிக்கும். விரைந்து ஊற்றினால் கக்கிவிடும்.

காரணம் யாது? வெறும் டாங்க் என்று நாம் சொல்வது உண்மையில் வெறுமையானதன்று. அதனுள் காற்றும் பெட்ரோல் ஆவியும் நிறைந்துள்ளன. 30 லிட்டர் பெட்ரோல் உள்ளே புகவேண்டுமாயின் அவற்றில் 30 லிட்டர் வெளியேறியாக வேண்டும். குளத்து நீரில் குடத்தை அமிழ்த்தும்போது எழும் 'குடகுட' ஓசை இந்தப் போராட்டத்தின் ஓசையே. எண்ணெய் டின்னில் இரண்டு துளையிடும் நம் கடைக்காரர் இதனை எந்தப் பள்ளியிலும் படித்தவரல்லர்!

காற்று வெளியேறுதற்கென டாங்கின் மேற்புறத்திலிருந்து ஒரு சிறு குழாய் உண்டு. அதில் புழுதி அடையலாம். ரப்பர் மடங்கி நசுங்கலாம். நெடுநாள் நிறுத்திய வண்டியாயின் குளவி மண்கூடும் கட்டலாம். அப்போது காற்று, பெட்ரோல் இறங்கும் வாய் வழியே எதிர்த்து வரும், நுரை பொங்கும். பங்கின் குழாய் முனையில் ஒரு நுண்துளை இருக்கிறது. பெட்ரோல் பாயும்போது அத்துளை காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நுரை அதனை மூடியதும் உள்ளே அழுத்தம் குறைந்து, ஒரு மெல்லிய சவ்வு இழுபட்டு, 'டக்'கென்று ஓட்டம் நின்றுவிடும். டாங்க் பாதி காலியாயிருந்தாலும் கருவிக்கு அது தெரியாது.

எதிர்மாறான இடரும் உண்டு. வண்டி ஓடும்போது பெட்ரோல் குறையக் குறைய வெளிக்காற்று உள்ளே வரவேண்டும். பல பழைய வண்டிகளில் மூடியிலுள்ள சிறு துளையே அதற்கு வழி. துளையற்ற மூடியை மாற்றிப் போட்டால், உள்ளே அழுத்தம் குறைந்து எஞ்சின் திணறி நிற்கும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்றை உள்ளிழுத்து மீண்டும் ஓடும். அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், 3000 சதுர சென்டிமீட்டர் தகட்டின்மேல் ஏறத்தாழ 300 கிலோ பளு அழுத்துகிறது. தகடு உட்குழிவதில் வியப்பென்ன? ஜெர்மனியில் 1657ஆம் ஆண்டு ஆட்டோ வான் கெரிக், காற்றகற்றிய இரு செம்பு அரைக்கோளங்களைப் பிரிக்க 16 குதிரைகளைப் பூட்டிக் காட்டியதும் இதே காற்றழுத்தத்தைத்தான்.

அடைப்பை நீக்க வாயால் ஊதுதல் கூடாது. தீ அருகில் இருத்தலும் ஆகாது. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு பரவித் தாழ்ந்த இடத்தில் தங்கும்.

இந்த ஆவியை வெளியே விடலாகாது என்று கலிபோர்னியாவில் 1970ஆம் ஆண்டு மாடல் கார்கள் முதல் விதி செய்தனர். இக்காலக் கார்களில் அதனைக் கரி நிறைந்த ஒரு பெட்டி பிடித்து வைத்து, பின்னர் எஞ்சினுக்கே அனுப்புகிறது. 'டக்'கென்று நின்ற பின்னும், "இன்னும் கொஞ்சம் போடப்பா" என்று கேட்டு வாங்குவோர் பலர். அந்த மிகைப் பெட்ரோல் கரிப்பெட்டியில் புகுந்து கரியை நனைத்துவிட்டால், புத்தம் புதிய வண்டியும் பழைய அம்பாசிடரைப் போலவே மெல்லக் குடிக்கத் தொடங்கிவிடும்.