கல்யாண வீட்டில் ஒரு பெரியவரின் பயம்



நம்ம குன்றத்தூரில் முகூர்த்த நாள் வந்துவிட்டால் முருகன் மலைப்படியில் கால் வைக்க இடமிருக்காது. போன தை மாதம் அந்தக் கூட்டத்தில் என் வீட்டுக் கல்யாணமும் ஒன்று. என் மகனுக்குத் திருமணம். அப்பாவுக்கு வயது 78. அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்ய, கல்யாணம் முடிந்த பன்னிரண்டாம் நாள் தேதி குறித்திருந்தார்கள்.

"தம்பி, கல்யாணம் முடியற வரைக்கும் ஆபரேஷன் பேச்சை எடுக்காதே, அபசகுனம்" என்றார் அக்கா. நானும் சரி என்று இருந்துவிட்டேன். எங்களுக்குக் கவலை இல்லாமல் இல்லை. ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாய்ப் பந்தி பரிமாறினோம்.

நலங்கு வைத்த இரவு, வாசல் வாழை மரத்தடியில் அப்பா தனியே உட்கார்ந்திருந்தார். "ஏம்ப்பா, மயக்க மருந்து குடுத்தா நான் திரும்ப எழுந்திருப்பேனா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ ஊரில் மேடை போட்டுப் பேசியவன் நான். பெற்ற தகப்பனை ஒரு வார்த்தை கேட்கவில்லையே! பக்கத்தில் உட்கார்ந்தபோது அவர் சட்டைப் பையில் ரத்தக் கொதிப்பு மாத்திரை அட்டை தட்டுப்பட்டது. பிரிக்கவே இல்லை. கல்யாணச் சந்தடியில் பத்து நாளாக மாத்திரை போடவில்லை.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். ரத்த அழுத்தம் 180-க்கு 100. இப்படியே விட்டிருந்தால் ஆபரேஷன் மேஜையில் ஆபத்து. டாக்டர் மாத்திரையைத் தொடரச் சொன்னார். ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போனது. அப்பாவின் கேள்விக்கும் பதில் கிடைத்தது. பல குடலிறக்க ஆபரேஷன்களுக்கு முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்வார்கள், நினைவு இருக்கும். "அவ்வளவுதானா?" என்றார் அப்பா. அன்று ராத்திரிதான் அவர் நன்றாகத் தூங்கினார்.

வலி தெரியாமல் ஆபரேஷன் செய்யலாம் என்று 1846-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் கொண்டு உலகுக்குக் காட்டினார்கள். அதன்பின் இத்துறை எவ்வளவோ வளர்ந்துவிட்டது. முதியோர் வைத்தியத்துக்கென்றே 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் தனிப் பிரிவு தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. ஆகவே வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் ஆபரேஷனுக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் அஜாக்கிரதை கூடாது.

உங்கள் வீட்டிலும் விசேஷமும் ஆபரேஷனும் சேர்ந்து வந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

1. மாத்திரை கொடுக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவருக்கு விருந்தில் தனி இலை போடுங்கள்.

2. ஆஸ்பிரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம்.

3. பீடி, சுருட்டு, புகையிலையை இன்றே விடச் சொல்லுங்கள். நெஞ்சுச் சளி குறையும், புண் சீக்கிரம் ஆறும்.

4. ஆபரேஷனுக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். எப்போது முதல் சாப்பிடக்கூடாது, எப்போது முதல் தண்ணீரும் கூடாது என்று கேட்டு எழுதி வையுங்கள். "ஒரு வாய் காபிதானே" என்று பரிதாபப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

5. ஆபரேஷன் முடிந்த இரவில் சில முதியவர்கள் இடம் தெரியாமல் குழம்பிப் பேசுவார்கள். பயப்படாமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். கண்ணாடியையும் காது மெஷினையும் கையோடு எடுத்துப் போங்கள்.

6. சளி, காய்ச்சல் உள்ள விருந்தாளி எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் பார்க்க வரவேண்டாம்.

இன்னொன்று. குடலிறக்க வீக்கம் திடீரென்று கல் மாதிரி இறுகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் குறித்த தேதிக்குக் காத்திருக்கக்கூடாது. குடல் சிக்கி அழுகிவிடும். தாலி கட்டும் நேரமானாலும் சரி, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே மெதுவாக நடந்தார். மூன்றாம் நாள் வீடு வந்தபோது புது மருமகள்தான் ரசம் சாதம் பிசைந்து கொடுத்தாள்.

பயத்தைப் பேசினால் அபசகுனம் இல்லைங்க. இன்று வீட்டுக்குப் போனதும் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு மனசுல என்ன இருக்கு?" என்று கேளுங்கள். மாத்திரை அட்டையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.