வியூக விளையாட்டிலே துணிவும் கணிப்பும்



சதுரங்கம் ஆடுவோர் இருவரும் ஒரே பலகையையே நோக்கியிருப்பர். அரசன் எங்கே நிற்கின்றான், குதிரை எவ்விடம் பாயக் காத்திருக்கின்றது என்பன இருவர் கண்ணுக்கும் வெளிப்படை. ஒருவர் காய் நகர்த்தும்வரை மற்றவர் பொறுத்திருப்பார். அப்பலகையின் பெரும்பகுதியைத் திரையிட்டு மறைத்துவிட்டால் என்ன ஆகும்? முறைவைத்து ஆடும் வழக்கத்தையும் ஒழித்து, இருவரும் ஒரே வேளையிலே தத்தம் கை விரைவுக்கேற்பக் காய் நகர்த்தலாம் என விதி செய்துவிட்டால் என்ன ஆகும்? ஏறக்குறைய அவ்வாறு அமைந்ததே, கணினித் திரையிலே உலகெங்கும் இளைஞர் ஆடிவரும் நிகழ்நேர வியூக விளையாட்டு. இவ்விளையாட்டிலே துணிவுக்கு எத்துணை இடமுண்டு, ஒருவனுடைய போக்கை மற்றவன் முன்கூட்டியே கணித்துவிடுவதனால் நேரும் கேடு யாது என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

இவ்வகை ஆட்டங்களுள் போட்டிக் களத்திலே பெரும்புகழ் ஈட்டியது ‘ஸ்டார்கிராஃப்ட்’. அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் இதனை 1998 ஆம் ஆண்டிலே வெளியிட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே ‘புரூட் வார்’ என்னும் விரிவும் வெளிவந்தது. டெரன், சேர்க், புரொட்டோஸ் என மூன்று இனங்கள் இதிலுண்டு. டெரன் மனித இனம்; சேர்க் பூச்சிகள்போற் பெருகும் உயிரினம்; புரொட்டோஸ் கருவி நுட்பத்திலே தேர்ந்த வேற்றுலகினர். ஆட்டந் தொடங்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு தலைமைக் கட்டடமும் நான்கு தொழிலாளரும் 50 அலகு கனிமமும் இருக்கும். தொழிலாளர் கனிமத்தை அகழ்ந்து கொணர, அதனைக்கொண்டு மேலுந் தொழிலாளரை ஆக்கலாம், பாசறை கட்டலாம், படை திரட்டலாம். தன் ஆட்கள் நிற்கும் இடத்தின் சுற்றுப்புறமன்றி ஏனையவெல்லாம் மூடுண்டே கிடக்கும். எதிரி செய்வதை அறிய விரும்புபவன் ஒரு தொழிலாளியை ஒற்றனாக அனுப்புவான். அவ்வொற்றன் அலைந்து திரியும் வரையில் அகழும் வேலையிலே ஒரு கை குறையும். அறிவுக்கும் அங்கே விலை உண்டு.

தொடக்கத்திலே கையிலுள்ள கனிமம் சிறிது; அதனைச் செலவிடும் வழிகளோ மூன்று. வளர்ச்சியை ஒறுத்து உடனே சிறுபடை திரட்டி எதிரிமேற் பாய்வது ஒரு வழி. இதனை முற்பாய்ச்சல் என்போம். காவலைப் பற்றிக் கவலாது இரண்டாவது சுரங்கத் தளத்தை விரைவில் அமைத்து, பின்வரும் செல்வத்தை நம்பியிருப்பது இரண்டாவது வழி. அளவான காவலோடு அளவாக வளர்வது மூன்றாவது வழி. இம்மூன்றும் ஒன்றையொன்று வளைத்து வெல்வன. முற்பாய்ச்சல் காவலற்ற தளத்தை அழிக்கும். காவலற்று வளர்ந்தவன், தாக்குதலுக்கு ஆளாகாதவிடத்து, அளவாக வளர்ந்தவனைச் செல்வத்தால் விஞ்சுவான். அளவான காவலோ முற்பாய்ச்சலைத் தடுத்து நிறுத்திவிடும். ஆதலின், எக்காலத்தும் வெற்றி தரும் வழி என ஒன்றில்லை. எதிரி எதனைத் தெரிந்துகொண்டான் என்பதைப் பொறுத்தே நம் வழி நல்லதோ தீயதோ ஆகின்றது.

இந்நிலையிலே, துணிவு வேண்டாம், நான் என்றும் பாதுகாப்பாகவே ஆடுவேன் என்று ஒருவன் உறுதி பூண்டால் அவனுக்கு என்ன நேரும்? ஒரு கற்பனைக் கணக்கைக் கொண்டு இதனைப் பார்ப்போம். நேயர்கள் விரும்பினால் ஒரு கடதாசியிற் குறித்துக்கொள்ளலாம்.

டெரன் ஆடுபவனுக்கு இரு வழிகள் உள்ளன என்று கொள்வோம்: பாய்தல், பொறுத்து வளர்தல். சேர்க் ஆடுபவனுக்கும் இரு வழிகள்: காவலின்றித் தளம் அமைத்தல், காவல் செய்தல். டெரனின் பாய்ச்சல் காவலற்ற தளத்தைச் சந்தித்தால் அவன் நூற்றுக்கு 80 ஆட்டங்களில் வெல்வான். காவலைச் சந்தித்தால் 30 ஆட்டங்களிலேயே வெல்வான். அவன் பொறுத்து வளரும்போது எதிரி காவலின்றி வளர்ந்தால் டெரனுக்கு 40 வெற்றி. எதிரி காவல் செய்து காலத்தைச் செலவிட்டால் 50 வெற்றி. இவையே நாம் வகுத்துக்கொண்ட எண்கள்.

ஒருபோதும் பாயாதவன் என்று டெரன் பெயர் பெற்றுவிட்டால், சேர்க் ஆடுபவன் காவலுக்கு ஒரு காசும் செலவிடமாட்டான். டெரனுக்குக் கிடைப்பது 40. என்றும் பாய்பவன் என்று பெயர் பெற்றுவிட்டால், எதிரி என்றும் காவலோடு இருப்பான். கிடைப்பது 30. ஆனால், ஆட்டத்திற்கு முன் ஒரு பகடையை மறைவாக உருட்டி, ஆறில் ஒரு முகம் விழுந்தாற் பாய்வது, ஏனைய ஐந்தும் விழுந்தாற் பொறுப்பது என்று அவன் விதி வகுத்துக்கொண்டால், எதிரி எதனைத் தெரிந்தாலும் அவனுக்கு நூற்றுக்கு 47 அளவில் வெற்றி கிடைக்கும். எதிரி அவ்விதியை அறிந்திருந்தாலுங்கூட அதனைக் குறைக்க இயலாது. இதற்கு எதிரியின் பக்கத்திலிருந்து சிறந்த விடை யாதென்று கணக்கிட்டால், மூன்றில் இரண்டு பங்கு ஆட்டங்களிலே அவன் காவலுக்குச் செலவிட வேண்டும் என்று வருகின்றது. ஆறில் ஒருமுறை நிகழும் பாய்ச்சலுக்காக ஆறில் நான்குமுறை காவல்! பாய்ச்சலின் பயன் பாயும் ஆட்டத்தில் மட்டும் விளைவதன்று. பாயாத ஆட்டங்களிலேதான் அதன் பெரும்பயன் விளைகின்றது என்பது இதனாற் புலனாகும்.

இக்கருத்துக்குக் கணித அடிப்படை இட்டவர் ஹங்கேரியிற் பிறந்த ஜோன் வொன் நொய்மன். இருவர் ஆடும் ஆட்டத்திலே ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதே என்றிருக்குமிடத்து, வழிகளைத் தக்க அளவிற் கலந்து ஆடுவதனால் ஒவ்வொருவரும் தமக்குரிய பேற்றை உறுதிசெய்துகொள்ளலாம் என்று அவர் 1928 ஆம் ஆண்டிலே நிறுவினார். பின்னர் 1944 இல், ஒஸ்கார் மொர்கன்ஸ்டேர்ன் என்னும் பொருளியலறிஞருடன் சேர்ந்து எழுதிய பெருநூலிலே, போக்கர் சீட்டாட்டத்தில் வெறுங்கையோடு பந்தயம் உயர்த்தும் பாசாங்கையும் கணக்கிட்டுக் காட்டினார். ஒருவன் இடையிடையே பாசாங்கு செய்வான் என்று தெரிந்தாற்றான், அவன் நல்ல சீட்டோடு உயர்த்தும்போதும் பிறர் பணம் வைப்பர்.

கணக்கு இவ்வாறு சொல்லுகின்றது. மனிதர் களத்திலே என்ன செய்தனர் என்பதற்குத் தென்கொரியாவை நோக்குவோம். 1997 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின்னர் அந்நாட்டிலே ‘பீசீ பாங்’ எனப்படும் கணினி நிலையங்கள் தெருத்தோறும் பெருகின. மணிக் கணக்கிலே கட்டணஞ் செலுத்தி இளைஞர் அங்கே ஸ்டார்கிராஃப்ட் ஆடினர். 2000 ஆம் ஆண்டளவிலே இவ்விளையாட்டுக்கென்றே தொலைக்காட்சி அலைவரிசை தோன்றியது; சம்பளம் பெறும் ஆட்டக்காரரும் அணிகளும் தோன்றினர். இளமையிலேயே தொடங்கி விரைவில் முடிந்துபோகும் தொழில் அது. அத்தொழிலிலே ஒரு தொடரின் தோல்வி ஓர் ஆண்டின் உழைப்பை அழித்துவிடக்கூடும்.

அவர்களுள் ‘பொக்சர்’ என்னும் பட்டப்பெயர் கொண்ட லிம் யோஹ்வான் டெரன் ஆடுபவர். 2001 ஆம் ஆண்டிலே அந்நாட்டின் முதன்மைத் தொடரை அடுத்தடுத்து இருமுறை வென்று ‘சக்கரவர்த்தி’ என அழைக்கப்பட்டவர். அவருக்கு எதிராளியாகப் பேர்போனவர் ‘யெலோ’ எனப்படும் ஹொங் ஜின்ஹோ, சேர்க் ஆடுபவர். இருவர் பெயரிலும் உள்ள எழுத்துகளை இணைத்து, 1592 இல் நிகழ்ந்த ஜப்பானியப் படையெடுப்பைப் பற்றிய பழங்கதையின் பெயராகிய ‘இம்ஜின்றொக்’ என்பதையே இவர்களின் போட்டிகளுக்கு மக்கள் பெயராக இட்டு வழங்கினர்.

2004 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே ஒரு தொடரின் அரையிறுதியில் இருவரும் சந்தித்தனர். ஐந்து ஆட்டங்களில் மூன்றை வெல்பவர் இறுதிக்குச் செல்வார். முதலாவது ஆட்டத்திலே லிம் வளர்ச்சியை நிறுத்தித் தொழிலாளரையும் சில வீரரையும் எதிரியின் வாசலுக்கே அனுப்பி, அங்கே பங்கர் எழுப்பினார். நான்கு வீரர் புகுந்திருந்து சுடக்கூடிய பங்கர் அது. அது எழுந்து நின்றுவிட்டால் பக்கத்துத் தளம் பிழைப்பதரிது. லிம் வென்றார். இரண்டாவது ஆட்டத்திலும் அதே உத்தி, அதே முடிவு. மூன்றாவது ஆட்டத்தில் என்ன செய்வார்? இருமுறை செய்தவர் மூன்றாம் முறையும் அதையே செய்யத் துணியார் என்று எண்ணுவது மனித இயல்பு. மூன்றாம் முறையும் அவர் வாசலிற் பங்கரையே எழுப்பினார். தொடர் மூன்றுக்குச் சுழியம் என முடிந்தது.

இங்கே நாம் உற்று நோக்கவேண்டியது ஒன்றுண்டு. பகடைக்கு நினைவில்லை. இருமுறை ஒன்று விழுந்ததனால் மூன்றாம் முறை ஒன்று விழாது என்று அது எண்ணுவதில்லை. மனிதனோ மாற்றி மாற்றிச் செய்வதையே கணிக்கவொண்ணாத் தன்மை எனத் தவறாகக் கருதுகின்றான். இன்று இடம், நாளை வலம் என்று ஒழுங்காக மாறுபவனும் கணிக்கத்தக்கவனே. திரும்பச் செய்வதும் மாற்றிச் செய்வதும் ஆகிய இரண்டும் இயலும் என்று எதிரி அஞ்சவேண்டும். அவ்வச்சம் எழாதவிடத்து அவன் வாசல் காவலின்றிக் கிடக்கும்.

நீண்டதொரு போரைக் காண விரும்பிய பார்வையாளர் பலர் இதனை வெறுத்தனர். சக்கரவர்த்திக்கு இது தகுமா என்று கேட்டனர். அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது. விளையாட்டு மக்கள் கண்டு மகிழ்வதற்காகவும் அமைந்தது. எனினும், விதி அனுமதிக்கும் வழியொன்றை ‘மேன்மக்கள் அதனைச் செய்யார்’ என்று நாமே அடைத்துவிடுவோமானால், அவ்வழிக்குக் காவல் வேண்டியதில்லை என்று எதிரிக்கு உறுதிமொழி எழுதிக் கொடுத்தவர் ஆவோம். காவலின்றிப் பெருகும் செல்வம் எதிரிக்கு நாம் கொடுத்த நன்கொடையேயாம்.

ஆனால், கதை அத்துடன் முடியவில்லை. இறுதிப் போட்டியிலே லிம் சந்தித்தவர் அவரே தம் அணிக்கு அழைத்துப் பயிற்றிய மாணவர் சொய் யொன்சொங். இவர் செல்வத்தைப் பெருக்கிப் பெரும்படை திரட்டுவதற்குப் பேர்போனவர். இவர் செய்யப்போவதைப் பலரும் அறிவர். அறிந்தும் தடுக்க இயலாது தோற்றனர். அன்று ஆசிரியர் இரண்டுக்கு மூன்று எனத் தோற்றுக் கண்ணீர் விட்டார். இதிலிருந்து மற்றோர் உண்மை பெறப்படுகின்றது. ஆற்றல் மிகுந்தவனுக்குத் துணிகரம் குறைவாகவே வேண்டும். ஆட்டம் நீளுந்தோறும் அவன் மேம்பாடு தானே வெளிப்படும். குலுக்கலை நாடுவது அவனுக்கு இழப்பு. ஆற்றல் குன்றியவனுக்கோ நேர்வழியிலே தோல்வி உறுதி. அவனே குலுக்கலை நாடவேண்டும். ‘ஆழமறியாமற் காலை விடாதே’ என்பதும், ‘துணிந்தவனுக்குத் துக்கமில்லை’ என்பதும் முரண்பட்ட பழமொழிகள் அல்ல. நிலைமை வேறுபட்ட இருவருக்குச் சொன்ன அறிவுரைகள்.

மனிதரைவிட்டுப் பொறியை நோக்கினும் இதே பாடந்தான். லண்டனிலுள்ள டீப்மைண்ட் நிறுவனம் ‘அல்ஃபாஸ்டார்’ என்னும் செயற்கை நுண்ணறிவை, 2010 இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்டின் இரண்டாம் பாகத்திற்குப் பயிற்றியது. ‘டீஎல்ஓ’, ‘மானா’ என்னும் இரு தொழில்முறை ஆட்டக்காரரை அது ஐந்துக்குச் சுழியம் என வென்ற செய்தி 2019 சனவரியில் வெளியிடப்பட்டது. அந்த ஆட்டங்களிலே ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வகையிற் பயின்ற பொறியே அனுப்பப்பட்டது. முதலாட்டத்திற் கற்ற பாடம் இரண்டாவதில் உதவவில்லை. அச்செய்தி வெளியான அன்றே நேரடி ஒளிபரப்பாக மற்றோர் ஆட்டம் நிகழ்ந்தது. அதிலே மானா ஒரு சிறு வான்கலத்திற் சில வீரரை ஏற்றிப் பொறியின் தளத்தை அணுகினார். பொறியின் பெரும்படை முழுவதும் பின்னோக்கி ஓடிவந்தது. கலம் விலகியது. படை மீண்டும் புறப்பட்டது. கலம் மீண்டும் வந்தது. படை மீண்டும் திரும்பியது. இப்போக்கைக் கணித்துக்கொண்ட மானா, அப்படை அலைந்து திரிந்த வேளையிலே தம் படையைப் பெருக்கி வென்றார்.

நிறுவனத்தார் தளர்ந்துவிடவில்லை. பயிற்சிக் களத்திலே, முதன்மைப் பொறியின் பலவீனத்தைத் தேடிச் சுரண்டுவதொன்றையே வேலையாகக் கொண்ட வேறு பொறிகளை அமர்த்தினர். அவ்வாண்டு ஒக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் வெளியான கட்டுரைப்படி, தரவரிசையிலுள்ள ஆட்டக்காரருள் 99.8 வீதத்தினருக்கு மேலான இடத்தை அல்ஃபாஸ்டார் எய்தியது. தன் வழக்கங்களைத் தானே அறியாதவனுக்கு அவற்றைக் காட்டித்தரும் எதிரியே நல்லாசான் என்பது இதன் பொருள்.

துணிவு என்பது கண்ணை மூடிக்கொண்டு பாய்தலன்று. தோற்றால் இழப்பது எவ்வளவு, இழந்தபின் எழுந்து நிற்க முடியுமா, எதிரி இதற்குக் காவல் வைத்திருக்கின்றானா எனும் மூன்றையும் எண்ணியபின் ஏற்பதே துணிவு. அவ்வாறு ஏற்ற துணிகரம் சிலவேளை தோற்கும். நம் கணக்கிலே காவலற்ற தளத்தைத் தாக்கியவனும் நூற்றுக்கு 20 ஆட்டங்களில் தோற்கின்றான். அத்தோல்வியைக் கண்டு அவனைப் பழிப்பதும், தோல்விக்கு அஞ்சி அவன் இனிப் பாய்வதில்லை என்று விரதம் பூணுவதும் பிழை. ஒரு முடிவின் தகுதியை, அம்முடிவு எடுத்த வேளையிலே அறிந்திருந்தவற்றைக் கொண்டே அளத்தல் வேண்டும். அதனை அளக்கப் பழகிய ஆட்டக்காரன் ஒரு தோல்வியினால் தன் வழியை மாற்றான். ஒரு வெற்றியினால் மயங்கவும் மாட்டான்.