மாத்திரையை நிறுத்தலாமா?



மைசூரில் கே.ஆர்.எஸ். சாலையில் ஜெயதேவா இதய மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனை. சுற்று வட்டாரத்தில் மாரடைப்பு வந்தவர்கள் பலர் அங்கே போகிறார்கள். அங்கே ஆஞ்சியோபிளாஸ்டி செய்கிறார்கள்.

அது என்ன? இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்கிறது. ஒரு மெல்லிய குழாயை உள்ளே விடுகிறார்கள். அதன் நுனியில் சிறு பலூன். அதை ஊதினால் அடைப்பு விலகும். ஸ்டென்ட் என்ற கம்பி வலையை அங்கேயே வைத்துவிடுவார்கள். நெஞ்சைக் கிழிப்பதில்லை. 1977-இல் சூரிச் நகரில் குருன்ட்சிக் என்ற டாக்டர் முதன்முதலில் இந்தப் பலூன் சிகிச்சையைச் செய்தார். ஸ்டென்ட் பிறகு வந்தது.

முன்பெல்லாம் தொடை இடுக்கு வழியாகவே குழாயை விட்டார்கள். அங்கே இரத்தக் குழாய் ஆழத்தில் ஓடுகிறது. கசிந்தால் இரத்தம் வயிற்றின் பின்புறம் தேங்கலாம். வெளியே ஒரு சொட்டும் தெரியாது! இடுப்பு வலி, வியர்வை, தலைசுற்றல்தான் தெரியும். இப்போது பெரும்பாலும் மணிக்கட்டு வழியாக விடுகிறார்கள். அங்கே அடியில் எலும்பு இருக்கிறது. அழுத்தினால் இரத்தம் நிற்கும். ஆபத்து குறைவு.

வீட்டுக்கு வந்த பிறகு?

ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற மாத்திரைகள் தருவார்கள். இவை ஸ்டென்டில் இரத்தம் உறையாமல் காக்கும். அதனாலேயே இரத்தம் எளிதில் கசியும். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வரும். தோலில் நீலத் திட்டு வரும். இதைப் பார்த்துப் பயந்து சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் பெரிய ஆபத்து. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். மீண்டும் மாரடைப்பு வரும். உயிரே போகலாம். நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை.

மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடுகிறார்களே, அது வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும். கடைக்காரர் நல்லவர்தான். ஸ்டென்ட் வைத்தது அவருக்குத் தெரியாதே! 75 வயது தாண்டியவர்கள், இரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு, குடல் புண் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா? வாந்தியில் இரத்தமா? திடீரென்று கடுமையான தலைவலியா? காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். பல் பிடுங்கப் போனாலும் அந்தச் சீட்டை முதலில் காட்டுங்கள்.